மறு: ‘விண்டோ பீரியட்’ தமிழில் என்ன?

வணக்கம் நண்பர்களே,

தொற்று உடலில் புகுந்த பிறகும் சோதனையில் தெரியாமல் இருக்கும் காலத்தைத்தான் ஆங்கிலத்தில் ‘விண்டோ பீரியட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இங்கே வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> சாளரக் காலம் என்றே வைக்கலாம். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதுதானே.

உண்மைதான் ஐயா. ஆனால் சாளரம் என்றதும் நமக்கு வெளிச்சமும் காற்றும்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது நேரெதிர். வைரஸ் ரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கிறது, அடுத்தவருக்கும் தொற்றும், சோதனை முடிவில் மட்டும் ‘இல்லை’ என்று வருகிறது. ரத்த வங்கிக்காரர்கள் பயப்படுவது இந்த நாட்களுக்குத்தான். போதாக்குறைக்கு, தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி தவறிக் குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டுமே, அந்த அவகாசத்தையும் ஆங்கிலத்தில் விண்டோ என்றே சொல்கிறார்கள். குழப்பத்தை நாமும் இறக்குமதி செய்ய வேண்டுமா?

> நோயரும்பு காலம் போதாதா?

போதாது அம்மா. அது அறிகுறி தெரியும்வரை உள்ள காலம். இரண்டும் சேர்ந்து ஓடுவதில்லை. எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பலருக்கு 2 முதல் 4 வாரங்களில் காய்ச்சல், தொண்டைவலி, நெறிகட்டுதல் எல்லாம் வந்துவிடும். அந்த நேரத்தில் எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) சோதனை இன்னும் ‘இல்லை’ என்று காட்டலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-யில் தலைகீழ். காமாலை வருவதற்கு முன்பே வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

> அப்படியானால் ‘மறைகாலம்’?

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் வைரஸ் எங்கும் ஒளியவில்லை. ஒளிந்துகொள்ளும் வேலையை எச்.ஐ.வி. வேறிடத்தில் செய்கிறது: நோய் எதிர்ப்புக்கான டி செல்களின் மரபணுவோடு தன்னுடையதையும் சேர்த்துவிட்டு ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். ‘மறை’யை அதற்கு வைத்துக்கொள்வோம்.

என் வாதம் இதுதான்: இந்தக் காலம் வைரஸைவிட சோதனையைச் சார்ந்தது. விரலில் குத்திப் பார்க்கும் எதிர்ப்பொருள் சோதனைக்கு எச்.ஐ.வி. அகப்பட 90 நாள் வரை ஆகலாம். எதிர்ப்பொருளோடு வைரஸின் பி24 என்ற புரதத்தையும் தேடும் ஆய்வகச் சோதனை 18 முதல் 45 நாளில் காட்டிவிடும். வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வையே தேடும் நாட் (NAT) சோதனைக்கு 10 முதல் 33 நாள். ஒரே ஆள், ஒரே தொற்று, கணக்கு மட்டும் மூன்று. ஹெபடைட்டிஸ் சி-யில் இடைவெளி இன்னும் பெரிது: எதிர்ப்பொருள் தெரிய 8 முதல் 11 வாரம், ஆர்.என்.ஏ. ஓரிரு வாரத்திலேயே தெரியும்.

ஆகவே ‘சோதனைக்கு எட்டாக் காலம்’, சுருக்கமாக ‘எட்டாக் காலம்’ என்று முன்வைக்கிறேன். ‘நாட் சோதனைக்கு எட்டாக் காலம் குறைவு’ என்று இயல்பாக எழுத வருகிறது. ஆலோசகர் ஒருவர், ‘எட்டாக் காலம் முடிந்ததும் மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னாலும் உறுத்தாது.

ஹெபடைட்டிஸ் பி-யிலும் வைத்துப் பார்த்தேன். அங்கே எட்டாக் காலம் நடுவில் வருகிறது. மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து போயிருக்கும், அதற்கான எதிர்ப்பொருள் இன்னும் தலைகாட்டியிருக்காது. இரண்டு சோதனையும் ‘இல்லை’ என்னும். வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளைத் தேடினால்தான் ஆள் பிடிபடுவார். ‘தொற்றின் தொடக்கக் காலம்’ என்கிற மாதிரி எதையாவது வைத்திருந்தால் இங்கே உடைந்திருக்கும்.

‘எட்டாக் கனி’ வாடை அடிக்கிறது என்று யாராவது சொல்லலாம். எனக்கு அது தொந்தரவாகத் தெரியவில்லை. அப்புறம் ஒரு சந்தேகம்: எட்டாக் காலம் என்று பிரித்து எழுதுவதா, எட்டாக்காலம் என்று சேர்ப்பதா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்