பார்க்கின்சன் நேரச் சோதனை: 8 விநாடி நீள்கிறது, 21 விநாடி சுருங்குகிறது

மருத்துவர் மேற்பார்வையில், பார்க்கின்சன் நோயாளிகளை, அவர்கள் லெவோடோபா (இந்த நோய்க்கான மாத்திரை) எடுத்து 12 மணி நேரம் கழித்துக் காலையில் சோதிக்கிறோம். ஒரே அமர்வில், பழக்கிய 8 விநாடி இடைவெளியைப் பொத்தானை அழுத்தித் திருப்பிக் காட்டச் சொன்னால் 10-ஐத் தாண்டுகிறது. 21 விநாடி 18-லேயே முடிந்துவிடுகிறது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் இரண்டும் சரியாகின்றன.

மனதுக்குள் எண்ணாமலிருக்க, திரையில் வரும் எண்களை உரக்கப் படிக்க வைத்தோம். பொத்தானை அழுத்தும் தாமதத்தைத் தனியே அளந்து கழித்தோம். அரை விநாடிகூட இல்லை. கை மந்தம்தான் காரணமென்றால் இரண்டுமே நீள வேண்டும், 21 குறையவே கூடாது. தனி நாளில் 21-ஐ மட்டும் வைத்தால் அதுவும் நீள்கிறது! ஆக, இரண்டு அளவுகளும் நினைவில் ஒன்றையொன்று இழுக்கின்றன.

முந்தைய அளவு அடுத்ததில் கலக்காமலிருக்க, அமர்வுகளுக்கு நடுவே குறைந்தது எத்தனை நாள் விடுகிறீர்கள்?