குப்பை எரிக்கும் மெஷின் வேண்டாம் என்பது என் கருத்து

நம்ம ஊர்ச் சங்கத்து அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

ஊருக்குக் குப்பை எரிக்கும் மெஷின் ஒன்று வாங்கித் தரலாம், ஆளுக்குப் பத்தாயிரம் போட்டால் போதும் என்று ஷார்ஜா மாமா எழுதியிருந்தார். ஏழெட்டுப் பேர் சரி என்று பதிலும் போட்டாயிற்று. மாமா நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனாலும் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று வாரம் லீவில் ஊரில் இருந்துவிட்டுப் போன சனிக்கிழமைதான் சிங்கப்பூர் திரும்பினேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஏரிக்கரையில் பேரூராட்சி குப்பை பிரிக்கிற இடத்துக்கு 'வளம் மீட்புப் பூங்கா' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். பூங்கா என்றதும் என் மகளை வேறு கூட்டிக்கொண்டு போனேன்! ஒரு தகரக் கொட்டகை, வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள், நாலு பேர் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் எங்கள் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியோடு தூய்மைப் பணியாளர் அக்கா கூடவே நடந்தேன்.

மாடு இருக்கிற வீடுகளில் குப்பையே குறைவு. காய்த்தோல், மீந்த சோறு, அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் கழனித் தொட்டிக்குப் போய்விடுகிறது. மெயின்ரோட்டுப் பக்கம் புதிதாக எழும்பிய மாடி வீடுகளில்தான் சிக்கல். சாம்பார் மிச்சம், ஷாம்பு பாக்கெட், உடைந்த கண்ணாடி டம்ளர், குழந்தையின் டயப்பர், எல்லாம் ஒரே கேரிபேக்கில். வாயை இறுக்கி இரண்டு முடிச்சு வேறு. அந்த அக்கா ஒவ்வொரு முடிச்சாக விரலால் பிரிக்கிறார். கையுறை போட்டால் முடிச்சு பிடிபடுவதில்லையாம், கழற்றி வைத்துவிடுகிறார்.

தொட்டியில் உரம் தயாராகிறது. ஆனால் வாங்க ஆள் இல்லை. ஏன் என்று ஒரு பிடி அள்ளிப் பார்த்தபோதுதான் புரிந்தது. உரத்துக்குள் ஷாம்பு பாக்கெட் துண்டும் கண்ணாடிச் சில்லும் கிடக்கின்றன. அதை எவன் தன் தக்காளித் தோட்டத்தில் கொட்டுவான்? ஏற்கெனவே செடிக்கு அடியில் மண்ணை மூட விரிக்கிற மல்ச்சிங் ஷீட் கிழிந்து கிழிந்து நிலமெல்லாம் பிளாஸ்டிக்காகக் கிடக்கிறது.

இன்னொன்று, தக்காளி விலை விழுந்தால் பாலக்கோடு மண்டியில் விற்காததைக் கொண்டுபோய் அந்தக் கொட்டகையில் கொட்டிவிடுகிறார்கள். நான் பார்க்கப் போயிருந்த வாரமும் அப்படித்தான், தொட்டி ரசம் மாதிரி இருந்தது. ஈரம் மிஞ்சினால் காற்று உள்ளே போகாது, காற்று இல்லாவிட்டால் மக்காமல் அழுகும், நாற்றமும் ஈயும் அதனால்தான். நம் தாத்தா காலத்து எருக்குழியை நினைத்துப் பாருங்கள். சாணத்துக்கு மேல் சருகு, அதற்கு மேல் ஆட்டுப் புழுக்கை, திரும்பச் சருகு. விவசாயக் கல்லூரியில் கார்பன் (சருகில் அதிகம்) முப்பது பங்குக்கு நைட்ரஜன் (சாணத்தில் அதிகம்) ஒரு பங்கு என்பார்கள். தாத்தாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது, ஆனால் குழி நாறினதில்லை. சரியாக அடுக்கினால் உள்ளே 60 டிகிரி வரை சூடு ஏறும், இரண்டு மாதத்தில் மண்வாசம் வந்துவிடும். தக்காளியோடு சேர்க்கக் கடலைத் தோலும் காய்ந்த இலையும் வேண்டும். இரண்டும் நம்ம ஊரில் சும்மாவே கிடைக்கிறது. கொண்டுவந்து போடத்தான் ஆள் இல்லை.

இப்போது மெஷின் விஷயம். சிங்கப்பூரில் எல்லாவற்றையும் எரிக்கிறார்களே என்று மாமா கேட்டிருந்தார். பெரும்பாலும் உண்மைதான். எங்கள் பிளாக்கில் குப்பைக் குழாயில் போட்டால் முடிந்தது, பிரிப்பதெல்லாம் பெரிதாகக் கிடையாது. ஆனால் அந்த ஆலைகள் ராட்சத ஆலைகள். பிளாஸ்டிக் கலந்த குப்பையை 850 டிகிரிக்குக் குறையாமல் எரிக்காவிட்டால் டயாக்சின் என்ற விஷம் புகையில் வரும். அதோடு புகையை வடிகட்டவும் தனி ஏற்பாடு வேண்டும். அப்படி எரித்தும் கன அளவில் பத்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. அதைப் படகில் ஏற்றி செமக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். 1999-ல் திறந்த இடம், 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்கிறது. இங்கே கொட்டத் தீவு இருக்கிறது. நமக்கு இருப்பது ஏரிதான்.

மாமா அனுப்பிய படத்தில் இருப்பது பீரோ அளவு மெஷின். நம்ம ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம். விறகு போட்டோ டீசல் ஊற்றியோதான் எரிக்க வேண்டும். ரிப்பேர் ஆனால்? சங்கம் வாங்கித் தந்த தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் இப்போது எப்படி இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா? அந்த ரூமில் ஆடு கட்டியிருக்கிறார்கள்.

அதே பணத்தில் நான் கேட்பது இவ்வளவுதான். உரம் சலிக்க ஒரு சுழல் சல்லடை. நின்றபடி பிரிக்க இடுப்பு உயர மேசை, ஏனென்றால் நாலு பேரும் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார்கள். அப்புறம் கையால் அழுத்திக் கட்டும் பிரஸ் ஒன்று. அட்டை, பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில், பால் கவர் எல்லாம் பழைய இரும்புக் கடையில் விலை போகும். விலை போகாதது சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு பாக்கெட்டும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக் கிடப்பதால் அதை உருக்கிப் பிரிக்க முடியாது. சிமெண்ட் ஆலைச் சூளை 1400 டிகிரிக்கு மேல், அங்கே எரிபொருளாகப் போடலாம். ஆனால் லாரியில் ஏற்றினால் பாதி காற்றுதான் போகும், வாடகை கட்டாது. கட்டுக் கட்டாக அழுத்தினால் கட்டும்.

சித்திரையில் நம் சங்கம் வைத்த மோர்ப்பந்தலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்த 14 வகையில் அதுவும் ஒன்று. அதற்கு மேலே நம் பேனர் வேறு. அடுத்த வருஷம் எவர்சில்வர் டம்ளர் வாங்க நானே பணம் தருகிறேன், கழுவ ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருளாளர் அண்ணா, மெஷின் கம்பெனிக்கு அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் இரண்டையும் ஓட்டுக்கு விட்டால் நல்லது. மாமா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். மெஷின்தான் என்று முடிவானாலும் என் பத்தாயிரம் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அக்கா விரலால் முடிச்சுப் பிரித்த பைகளில் ஒன்று எங்கள் வீட்டுப் பை. என் மகளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டயப்பர், மூன்று வாரத்துக்கு நூறுக்கு மேல். அத்தனையும் அந்தக் கொட்டகையின் பின்பக்கம் இன்னும் கிடக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையை உதறிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அம்மாதான் திட்டினாள். அடுத்த லீவுக்கென்று அப்பாவின் பழைய வேட்டி நாலைக் கிழித்து, மடித்து, பீரோவில் வைத்திருக்கிறாளாம்.