குக்கேயினா கிண்ணக் காளான்: இரண்டு இனங்களைப் பிரித்தறிய உதவி தேவை

வணக்கம். மார்கழி மழை ஓய்ந்த பின், திருகோணமலை கன்னியாவுக்கு அப்பாலுள்ள பற்றைக்காட்டில், உக்கிய கிளையொன்றின் மீது ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலமான, காம்புடைய செம்மஞ்சள் கிண்ணக் காளான்களைக் கண்டேன். குக்கேயினா (Cookeina) பேரினம் என்றே கருதுகிறேன்; ஆனால் அதன் ட்ரிக்கொலோமா, ஸ்பெசியோசா என்ற இரண்டு இனங்களுள் இது எதுவென்று தெரியவில்லை. ட்ரிக்கொலோமா எனில் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் நீண்ட மயிர்கள் இருக்கவேண்டும். ஸ்பெசியோசாவிலோ விளிம்பையொட்டிக் குறுமயிர்களே காணப்படும். நிறத்தை நம்ப முடியாது, ஏனெனில் ஸ்பெசியோசா மஞ்சளிலிருந்து சிவப்புவரை மாறக்கூடியது. என் மாதிரிகளிலோ விளிம்பில் நீண்ட மயிர்கள் சில இருக்க, கீழ்ப்பகுதி வெறுமையாக உள்ளது. அடைமழையில் அங்கிருந்த மயிர்கள் உதிர்ந்திருக்குமா? நுணுக்குக்காட்டியில் வித்திகளின் நெடுக்கு வரிகளைத் தெளிவாகக் காண்பதற்குக் கொட்டன் நீலம் (cotton blue) என்ற சாயம் போதுமா என்பதையும், உலர்த்திய மாதிரியிலும் அவ்வரிகள் தெரியுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து விளக்குங்கள்.