விசா கட்டணத்தை வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தும்போது கணக்கு ஏன் பொருந்துவதில்லை?

மாணவியின் தந்தை:

என் மகள் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்காகப் பிரிட்டன் செல்லவிருக்கிறாள். மாணவர் விசாவுக்கு 524 பவுண்டு, அந்நாட்டு மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் 1,164 பவுண்டு, ஆக மொத்தம் 1,688 பவுண்டு என்று ஒரு தாளில் எழுதி, அன்றைய சந்தை விகிதத்தால் எங்கள் நாணயத்துக்குப் பெருக்கி, அதற்கு மேல் சிறிது பணமும் கார்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். ஆனால் கட்டணப் பக்கத்தில் தோன்றிய தொகை பவுண்டில் இல்லை. எங்கள் நாணயத்தில் இருந்த அந்தத் தொகை, நான் தாளில் எழுதியதைவிட நூற்றுக்கு நான்கு அளவுக்குக் கூடுதலாக இருந்தது. கைபேசிக்கு வந்த ஓடிபி காலாவதியாகிவிடுமோ என்ற பதற்றத்தில் மேற்கொண்டு யோசிக்காமல் செலுத்திவிட்டேன்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. மாத இறுதியில் வந்த ஸ்டேட்மென்டில், மருத்துவக் கட்டணத்துக்குக் கீழே ஒன்றும் விசா கட்டணத்துக்குக் கீழே ஒன்றுமாக, வேறு இரண்டு சிறு தொகைகளும் கழிக்கப்பட்டிருந்தன. எங்கள் நாணயத்திலேயே செலுத்திய பிறகும் இவை எதற்காகக் கழிக்கப்பட்டன என்பது எனக்கு விளங்கவில்லை. அடுத்து என் மகனும் ஆஸ்திரேலியாவில் படிக்க விண்ணப்பிக்கப் போகிறான். கட்டணம் மறுபடியும் உயர்வதற்குள் முன்கூட்டியே கட்டிவிடலாமா, எந்த நாணயத்தில் கட்டினால் இழப்பு குறையும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டுகிறேன்.

கடல்கடந்தவள்:

ஐயா, கட்டணப் பக்கத்திலோ கார்டு இயந்திரத்திலோ "உங்கள் நாட்டு நாணயத்திலேயே செலுத்தலாம்" என்று ஒரு தெரிவு வந்தால், அதை ஒருபோதும் ஏற்காதீர்கள். வசதியாகத் தோன்றினாலும், அந்த இடத்தில் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பவர்கள் பணத்தைப் பெறுபவரும் அவருக்கு அந்தச் சேவையை வழங்கும் நிறுவனமுமே. அதில் அவர்களுடைய இலாபமும் சேர்ந்திருக்கும். கட்டணம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டு நாணயத்திலேயே செலுத்தினால், விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்புகளின் விகிதம் பொருந்தும். அது பெரும்பாலும் சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும். ஒருமுறை ஒரு விண்ணப்ப மையத்தின் கார்டு இயந்திரத்தில் ஊழியர் என்னைக் கேட்காமலேயே அந்தத் தெரிவை அழுத்திவிட்டார். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த விகிதத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அன்றிலிருந்து இயந்திரத்தை என் பக்கம் திருப்பச் சொல்லி, நானே படித்துப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்துகிறேன்.

கணக்குப்பிள்ளை:

கடல்கடந்தவள் சொன்னது கடைகளுக்கும் விடுதிகளுக்கும் சேவை மையங்களுக்கும் முற்றிலும் பொருந்தும். ஆனால் கேள்வி கேட்டவருக்கு நேர்ந்தது அதுவல்ல என்று கருதுகிறேன். அரசுகள் விசா கட்டணத்தைத் தம் நாணயத்தில் நிர்ணயித்தாலும், நம்மிடமிருந்து எந்த நாணயத்தில், எந்த விகிதத்தில் வசூலிப்பது என்பதற்குத் தனி விதிகளை வைத்திருக்கின்றன. பிரிட்டனின் உள்துறை அமைச்சகம் தனக்கென்று ஒரு மாற்று விகிதத்தை வெளியிட்டு, விண்ணப்பிக்கும் நாட்டைப் பொறுத்து உள்ளூர் நாணயத்திலோ டாலரிலோ தொகையைக் காட்டுகிறது. அந்த விகிதம் சந்தை விகிதமன்று. இந்த இடத்தில் பவுண்டில் கட்டுகிறேன் என்று சொல்லும் தெரிவே பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை. ஆகவே நீங்கள் தவறான பொத்தானை அழுத்திவிட்டதாக வருந்த வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே நிலைதான். சுற்றுலா விசாவுக்கான விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் 17 அன்று 160 டாலரிலிருந்து 185 டாலராக உயர்ந்தது. அதை உள்ளூர் நாணயத்தில் கட்டும்போது தூதரகம் அறிவித்துள்ள விகிதமே கணக்கில் கொள்ளப்படுகிறது. அது நாள்தோறும் மாறுவதில்லை. ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் விதி இவற்றைவிடத் தெளிவானது: யூரோ அல்லாத நாணயத்தில் வசூலித்தால், ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விகிதத்தைக் கொண்டே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றும், விண்ணப்பங்களைப் பெறும் வெளி நிறுவனம் வாங்கும் சேவைக் கட்டணம் பொதுவாக விசா கட்டணத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்றும் அவர்களுடைய விசா சட்டத்தொகுப்பே சொல்கிறது. தொகையை மேல்நோக்கி முழுமையாக்கவும் அதில் இடமுண்டு என்பதால், நம் கணக்கோடு சில்லறை அளவில் வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

இனி, ஸ்டேட்மென்டில் வந்த அந்த இரண்டு சிறு தொகைகளைப் பார்ப்போம். பணம் நம் நாணயத்தில் போயிருந்தாலும், அதைப் பெற்றவர் வெளிநாட்டில் பதிவு செய்யப்பட்டவர் என்றால், பல வங்கிகள் அதை வெளிநாட்டுப் பரிவர்த்தனையாகவே எடுத்துக்கொண்டு மார்க்அப் என்ற பெயரில் ஒரு விழுக்காட்டை வசூலிக்கின்றன. நீங்கள் இரண்டு முறை செலுத்தியிருக்கிறீர்கள், அதனால் இரண்டு முறை வந்திருக்கிறது. அமைச்சகத்தின் விகிதம் சந்தையைவிட 4 விழுக்காடு கூடுதல், வங்கியின் மார்க்அப் 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு 1,688 பவுண்டுக்குக் கணக்குப் போட்டால், கூடுதலாகப் போவது கிட்டத்தட்ட 120 பவுண்டு. முதல் 4 விழுக்காட்டை நம்மால் தொட முடியாது. அடுத்த 3 விழுக்காட்டைக் குறைக்க வழியுண்டு: வெளிநாட்டு மார்க்அப் இல்லாத அல்லது குறைவான கார்டைப் பயன்படுத்த வேண்டும், அந்தச் சலுகை உள்ளூர் நாணயத்தில் நடக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் உண்டா என்பதைச் செலுத்துவதற்கு முன்பே வங்கியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் முறை வேறு. இணையவழி விண்ணப்பத்தில் தொகை ஆஸ்திரேலிய டாலரிலேயே வரும். கார்டின் வகைக்கேற்ப ஒரு சிறு விழுக்காட்டை அந்நாட்டு உள்துறையும் சேர்த்துக்கொள்ளும். அங்கே நல்ல கார்டைத் தேர்ந்தெடுப்பதால் கிடைக்கும் பலன் பிரிட்டனைவிட அதிகம்.

வைகறை:

கணக்கைப் பற்றிக் கணக்குப்பிள்ளை விரிவாகச் சொல்லிவிட்டார். நான் கட்டண உயர்வைப் பற்றிச் சொல்கிறேன். பிரிட்டனின் மாணவர் விசா 2023 அக்டோபர் 4 அன்று 363 பவுண்டிலிருந்து 490 ஆனது, 2025 ஏப்ரல் 9 அன்று 524 ஆனது. மருத்துவக் கூடுதல் கட்டணத்தின் கதை இதைவிடக் கடுமையானது. 2015இல் அதைத் தொடங்கியபோது மாணவர்களுக்கு ஆண்டுக்கு 150 பவுண்டு. 2024 பிப்ரவரி 6 முதல் 776 பவுண்டு. படிப்பு ஓராண்டுதான் என்றாலும், படிப்பு முடிந்த பிறகு தங்குவதற்குத் தரும் மாதங்களையும் சேர்த்து ஒன்றரை ஆண்டுக்கு வசூலிப்பதால்தான் உங்களுக்கு 1,164 என்று வந்திருக்கிறது. 2023 ஜூலையில் அந்நாட்டு அரசு தன் பொதுத்துறை ஊழியர்களின் ஊதிய உயர்வுக்குப் பணம் திரட்டும் வழிகளில் ஒன்றாகவே இந்தக் கட்டணங்களை உயர்த்தப்போவதாக அறிவித்தது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஆகும் செலவுக்கும் நாம் கட்டும் தொகைக்கும் இருந்த தொடர்பு இப்படித்தான் அறுந்துபோகிறது. வாக்குரிமை இல்லாதவர்களிடம் வாங்குவது எளிது என்பதால் இது நடக்கிறது என்றே நான் நினைக்கிறேன், இது நியாயமல்ல என்றும் நினைக்கிறேன். நம் நாணயம் வலுவிழக்கும் ஆண்டுகளில், அவர்கள் கட்டணத்தை உயர்த்தாவிட்டாலும் நமக்கு உயர்ந்துவிடுகிறது என்பது தனித் துயரம்.

ஆஸ்திரேலியாவில் மாணவர் விசா 2024 ஜூலை 1 அன்று ஒரே நாளில் 710 டாலரிலிருந்து 1,600 டாலரானது, அடுத்த ஆண்டு அதே நாளில் 2,000 ஆனது. அங்கே பெரும்பாலான உயர்வுகள் ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே மகனின் விண்ணப்பம் எல்லா வகையிலும் ஆயத்தமாக இருந்தால் ஜூன் மாதத்திலேயே சமர்ப்பிப்பது நல்லது. ஆனால் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக, கல்லூரியின் சேர்க்கை உறுதிச் சான்று கைக்கு வரும் முன்போ, நிதி ஆவணங்கள் அரைகுறையாக இருக்கும்போதோ அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள். விசா மறுக்கப்பட்டால் அந்த 2,000 டாலரும் திரும்பாது, மறுபடி விண்ணப்பிக்க மறுபடியும் முழுத் தொகை கட்ட வேண்டும்.

மாணவியின் தந்தை:

பொறுமையாக விளக்கிய மூவருக்கும் நன்றி. இன்று காலை வங்கியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதுபோலவே, அந்த இரண்டு தொகைகளும் அந்தந்தக் கட்டணத்துக்கான வெளிநாட்டு மார்க்அப்பும் அதன் மீதான வரியும் சேர்ந்தவைதான் என்று உறுதி செய்தார்கள். ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது: ஒருவேளை மகளுக்கு விசா மறுக்கப்பட்டால், மருத்துவக் கட்டணம் திரும்ப வரும் என்கிறார்களே, கட்டிய அதே தொகை வருமா?

கணக்குப்பிள்ளை:

அவளுக்கு விசா கிடைக்கவே வேண்டும் என்று வாழ்த்துகிறேன். மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் செலுத்திய கார்டுக்கே திரும்ப வரும், விசா கட்டணம் வராது. திரும்பும் வழியில் நாணயம் மாற்றப்பட்டால் திரும்பும் நாளின் விகிதமே பொருந்தும், அதனால் தொகை சற்றுக் கூடவோ குறையவோ செய்யலாம். வங்கி எடுத்த மார்க்அப்பைப் பொதுவாகத் திருப்பித் தரமாட்டார்கள். முடிவு தெரியும்வரை அந்தக் கார்டை மூடிவிடாதீர்கள், கட்டண ரசீதின் எண்ணையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.