கடன் தீர்க்க வழி சொல்பவரின் நிறுவனத்தில் நடந்ததை அறிந்த பிறகும் அவருடைய முறையை நம் குழுவில் தொடரலாமா?

கேள்வி: தங்கச்சிமடம் மகளிர் குழு ஊக்குநர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழுவில் பாதிப் பேர் மீனவக் குடும்பத்துப் பெண்கள். மற்றவர்களில் சிலர் கடல்பாசி எடுப்பவர்கள், சிலர் மண்டபம் பக்கத்து நண்டு கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வீட்டுக்கு வீடு கடன் ஏறுவது இங்கே ஆண்டுதோறும் நடப்பதுதான். அப்படியொரு சமயத்தில், உறுப்பினர் ஒருவரின் மகள் அமெரிக்க வானொலியில் பணப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் டேவ் ராம்சியின் முறையை எங்கள் கூட்டத்தில் தமிழில் விளக்கிச் சொன்னார்.

முதலில் அவசரத் தேவைக்கென்று ஆயிரம் டாலரைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பிறகு எல்லாக் கடன்களையும் தொகையின் அளவுப்படி எழுதி, வட்டியைப் பார்க்காமல் மிகச் சிறிய கடனை முதலில் அடைக்க வேண்டும். அதற்குக் கட்டிவந்த பணத்தை அடுத்த கடனோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஆயிரம் டாலருக்குப் பதிலாக நாங்கள் ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். மளிகைக் கடைப் பாக்கியை முழுவதும் தீர்த்த ஒரு பெண், குழு நோட்டில் இருந்த அந்த வரியைத் தானே சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, நோட்டைச் சுற்றியிருந்த எல்லோரிடமும் காட்டினார். அதைப் பார்த்த பிறகு, தயங்கியவர்களும் தங்கள் கடன்களை எழுதித் தர முன்வந்தார்கள்.

இப்போது அதே மகள் வேறொரு செய்தியைச் சொல்லியிருக்கிறார். திருமணம் ஆகாத பெண் ஊழியர் ஒருவர், தான் கருவுற்றிருப்பதைத் தெரிவித்ததும் ராம்சியின் நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கியதாம். இதனால் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ராம்சியின் பெயரைக்கூட இனி இங்கே சொல்லக் கூடாது என்கிறார்கள் சிலர். கணக்குச் சரியாக இருந்தால் போதும், சொன்னவரின் குணம் நமக்கு எதற்கு என்கிறார்கள் வேறு சிலர். அடுத்த கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

பதில்: இராமநாதபுரம் வழக்கறிஞர்

சகோதரி, முடிவெடுப்பதற்கு முன் நடந்தது என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ராம்சி 1992இல் நாஷ்வில் நகரில் இந்நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஒரே நிகழ்ச்சி 600க்கும் மேற்பட்ட வானொலி நிலையங்களில் ஒலிபரப்பாகும் அளவுக்கு அது வளர்ந்தது. அவருடைய நிறுவனம் டென்னசி மாநிலத்தின் ஃபிராங்க்ளின் நகரில் இருக்கிறது. ஊழியர்கள் அலுவலகத்துக்கு வெளியிலும் கிறித்தவ ஒழுக்கப்படி நடக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. திருமணத்துக்கு வெளியே உடலுறவு கொள்வதை அது தடை செய்கிறது.

நீங்கள் சொல்லும் வழக்கு 2020இல் தொடுக்கப்பட்டது. நிர்வாக உதவியாளராகப் பணிபுரிந்த அப்பெண், தான் கருவுற்றிருப்பதைத் தெரிவித்து விடுப்புக்கான விவரங்களைக் கேட்டதாகவும், அதன்பின் நீக்கப்பட்டதாகவும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் முறையிட்டார். கருவுற்றதற்காக அவரை நீக்கவில்லை, விதியை மீறியதற்காகவே நீக்கினோம், இதே காரணத்துக்காக ஆண்களையும் நீக்கியிருக்கிறோம் என்பது நிறுவனத்தின் பதில். ஆகவே நீக்கியதை நிறுவனம் மறுக்கவில்லை. காரணம் எது என்பதில்தான் வழக்கு. கொரோனா காலத்தில் தொற்றுத் தடுப்பு நடவடிக்கைகளைத் தன் நம்பிக்கையின்படி கடைப்பிடித்ததற்காக நீக்கப்பட்டதாகக் கூறி, முன்னாள் ஊழியர் ஒருவரும் 2021இல் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மத அடிப்படையிலான பாகுபாடு குறித்த கோரிக்கையைத் தொடரலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் கூறியது.

அந்நாட்டுச் சட்டத்தையும் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். அங்கே தனியார் நிறுவனம் காரணம் சொல்லாமலே ஒருவரை வேலையை விட்டு நீக்கலாம் என்பதுதான் பொது விதி. ஆனால் இனம், மதம், பாலினம் போன்ற காரணங்களுக்காக நீக்கக் கூடாது என்று 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் தடை விதித்தது. கருவுற்றதைக் காரணம் காட்டுவதும் பாலினப் பாகுபாடே என்று 1978இல் அதில் சேர்க்கப்பட்டது. சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பை எல்லாத் தனியார் ஊழியர்களுக்கும் உறுதி செய்யும் தேசியச் சட்டம் அங்கே இல்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், தகுதியுள்ளவர்களுக்குச் சம்பளமில்லாத 12 வார விடுப்பு மட்டும் உண்டு. வேலை போனால் அந்தப் பெண்ணுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

—

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓலைக்குடா

நான் மாற்றுக் கருத்துச் சொல்ல விரும்புகிறேன். அந்த நிறுவனம் தன் விதியை ஒளித்து வைக்கவில்லை. இப்படித்தான் வாழ வேண்டும் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுக்கிறது. அதை ஒப்புக்கொண்டுதான் ஊழியர்களும் சேருகிறார்கள். ஒரு நம்பிக்கையின் பெயரால் நடக்கும் நிறுவனம் அந்த நம்பிக்கையைத் தன் ஊழியர்களிடம் எதிர்பார்ப்பதை ஒரேயடியாகக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரிலும் ஆலயத்தைச் சார்ந்த பணிகளில் இருப்பவர்களிடம் நாம் அப்படித்தானே எதிர்பார்க்கிறோம்? அவருடைய நிறுவன விதியில் உடன்பாடு இல்லாதவர்கள்கூட, கடன் வாங்காமல் வாழலாம் என்று அவர் சொல்வதைக் கேட்டுப் பயன் அடையலாம். நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

—

பதில்: நண்டு கம்பெனித் தொழிலாளி, மண்டபம்

ஐயாவின் வயதுக்கும் படிப்புக்கும் மரியாதை கொடுத்தே எழுதுகிறேன். ஒப்புக்கொண்டுதானே சேர்ந்தார் என்று நீங்கள் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. வேலை தேவைப்படுகிறவர், நீட்டிய தாளில் கையெழுத்துப் போடத்தான் செய்வார். ஆண்களையும் நீக்கினோம் என்று அந்த நிறுவனம் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ஓர் ஆண் அந்த விதியை மீறியது யாராவது சொன்னால்தான் தெரியவரும். பெண்ணுக்கோ நாலைந்து மாதத்தில் வயிறே காட்டிக்கொடுத்துவிடும். அந்த விதி இருவருக்கும் பொது என்று எழுதியிருக்கலாம், அதில் அகப்படுவது பெரும்பாலும் பெண்தான்.

இது ஏதோ அமெரிக்காவில் மட்டும் நடப்பதும் இல்லை. நான் முன்பு வேலை செய்த ஒரு கம்பெனியில், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, தலைக்கு உறையும் வாய்க்கு மூடியும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அவித்த நண்டின் ஓட்டைப் பிரித்து, சதையை உடையாமல் எடுத்து, பெரியது சிறியது என்று தட்டுகளில் பிரித்து வைப்போம். எடைக்குத்தான் கூலி. என் பக்கத்தில் நின்று வேலை செய்த பெண்ணைக் கணவர் கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கருவுற்றிருப்பது தெரிந்ததும் மேசை மேசையாகப் பேச்சு ஓடியது. ஒருநாள் மாலை எடை போட்டு முடிந்ததும் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும், "கம்பெனிக்குப் பேர் கெட்டுப்போகும், நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார். கடிதம் இல்லை, கணக்கு முடித்த சீட்டு இல்லை. அந்தப் பெண் கையுறைகளைக் கழற்றி, கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனார். அவரை ஆள் பிடித்துச் சேர்த்துவிட்டவரின் நோட்டில்தான் அவர் பெயர் இருந்தது. கம்பெனிப் பதிவேட்டில் இருந்ததா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஊக்குநர் அக்காவுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கடனை அடைக்க ஒருவருக்குக் கையில் இருக்கும் பெரிய பலம் அவருடைய மாத வருமானம்தான் என்று அந்த வானொலிக்காரர் திரும்பத் திரும்பச் சொல்கிறார் அல்லவா? அது உண்மை. அந்த வருமானத்தையே, பிள்ளை பிறக்கப்போகும் நேரத்தில், சொந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி நிறுத்துகிற அதிகாரத்தைத்தான் அவருடைய நிறுவனம் கையில் வைத்திருக்கிறது. எனவே அவர் சொல்வதும் அங்கே நடப்பதும் வேறு வேறு விஷயங்கள் என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

—

பதில்: இராமநாதபுரம் வழக்கறிஞர்

மண்டபம் சகோதரி சொன்ன பெண்ணைப் போன்றவர்களுக்காக ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். நம் நாட்டின் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் "ஒவ்வொரு பெண்ணும்" என்றுதான் பேசியது. திருமணமானவர் என்ற நிபந்தனை அதில் இருக்கவில்லை. அதன் விதிகள் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள்கள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கருவுற்ற காலத்தில் வேலையை விட்டு நீக்கிவிட்டதால் மட்டும் அந்தப் பணப்பயன் பறிபோய்விடாது.

நடைமுறையில் சிக்கல் அந்த 80 நாள்களை மெய்ப்பிப்பதில்தான் வருகிறது. ஆகவே எடைச் சீட்டுகளை யாரும் தூக்கி எறிய வேண்டாம். கூலி வங்கிக் கணக்கில் விழுந்தால் அந்தப் பக்கங்களையும், கம்பெனி வண்டியில் ஏறிய நாள்களைக் குறித்து வைத்திருந்தால் அந்தக் குறிப்புகளையும், உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தையும் சேர்த்து, மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருவார்கள். அதற்கு வருமான வரம்பு கிடையாது. காலம் கடத்தாமல் போவது முக்கியம்.

—

பதில்: மீன் வியாபாரக் கணக்கர், பாம்பன்

எல்லோரும் அவருடைய ஒழுக்க விதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது பேச வேண்டியதுதான். ஆனால் அந்த முறை நம் கடற்கரைக்குப் பொருந்துகிறதா என்பதையும் ஊக்குநர் யோசிக்க வேண்டும். சிறிய கடனை முதலில் அடை என்பது, எல்லாக் கடனும் வட்டிக் கடன் என்று நினைத்துச் சொல்லப்பட்டது. இங்கே வலைக்கும் இயந்திரத்துக்கும் வியாபாரி கொடுக்கும் முன்பணத்துக்குப் பெரும்பாலும் வட்டி என்று எதுவும் எழுதப்படுவதில்லை. பணம் தீரும்வரை பிடிக்கும் மீனை அவருக்கே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். நான் கணக்கு எழுதுகிற இடத்திலேயே பார்க்கிறேன்: ஒரே நாள், ஒரே தரத்து நண்டு, முன்பணம் வாங்காதவருக்கு ஒரு விலை, வாங்கியவருக்கு அதைவிடக் குறைந்த விலை. அந்தக் குறைவுதான் வட்டி. அது எந்த நோட்டிலும் வட்டி என்ற பெயரில் ஏறுவதில்லை. பாசி எடுக்கும் பெண்களுக்கு ஏஜென்ட் கொடுக்கும் முன்பணமும் பல இடங்களில் இதே மாதிரிதான்.

தொகையின் அளவுப்படி எழுதினால் இந்த முன்பணம் பட்டியலின் கடைசியில்தான் வரும். மளிகைப் பாக்கியையும் சீட்டுப் பாக்கியையும் தீர்த்துவிட்டு அதற்கு வந்து சேருவதற்குள், குறைந்த விலையில் போட்ட மீனால் எவ்வளவோ இழந்திருப்பார்கள். எனவே குழுவின் வங்கிக் கடன் கிடைக்கும்போது முன்பணத்தை முதலில் தீர்த்து, மீனை யாருக்கும் விற்கும் சுதந்திரத்தை மீட்டுக்கொள்வதே சரி என்பது என் கருத்து. சின்னச் சின்னதாகத் தீர்ப்பதில் கிடைக்கும் தெம்பு பெரிய விஷயம், அதை மறுக்கவில்லை. அந்தத் தெம்புக்காக ஒன்றிரண்டு சிறு பாக்கிகளை இடையிடையே அடைத்துக்கொள்ளலாம்.

ஒரு கேள்வியும் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் குழுவில் யாருக்குக் கடன் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது, "அவள் நடத்தை சரியில்லை" என்ற பேச்சு எழுந்தால் என்ன செய்வீர்கள்?

—

கேட்டவரின் பதில்: தங்கச்சிமடம் மகளிர் குழு ஊக்குநர்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன நியாயம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், ஆலயப் பணிக்கும் பணக் கணக்குச் சொல்லிக் கொடுத்து லாபம் பார்க்கும் கம்பெனி வேலைக்கும் வேறுபாடு உண்டு என்றே நினைக்கிறேன்.

பாம்பன் அண்ணன் கேட்ட கேள்வியை இன்று மாலையே ஐந்தாறு உறுப்பினர்களிடம் பேசினேன். அப்படிப்பட்ட பேச்சு எல்லாக் குழுக்களிலும் எழத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். கடன் விண்ணப்பத்தின்போது சேமிப்பு, வருகை, முந்தைய கடனைக் கட்டிய விதம் ஆகிய மூன்றைத் தவிர எந்த உறுப்பினரின் குடும்ப வாழ்க்கையும் பேசப்படாது என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதப் போகிறோம். கடன் பட்டியலில் வியாபாரியின் முன்பணத்தை முதல் வரியில் வைப்போம். அவசரத் தேவைக்கான ஐயாயிரம் அப்படியே இருக்கும். இவ்வளவு மாற்றிய பிறகு அதை அவர் முறை என்று சொல்லத் தேவையில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் அவர் பெயரை எடுத்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம்.

மண்டபம் தங்கைக்கு: அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால், அவர் சம்மதித்தால் மட்டும், எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். எங்கள் குழுவில் கம்பெனி வேலைக்குப் போகும் நான்கு பேரும் எடைச் சீட்டுகளோடு திங்கட்கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகிறார்கள். நானும் உடன் போகிறேன். அவரும் வந்தால் சேர்ந்தே புகார் எழுதிக் கொடுத்துவிடலாம்.