கனடாவில் பிரஸ்பிடேரியன் சபை: தங்கை குடும்பத்துக்குத் துணை கிடைக்குமா?

அஸ்தம்பட்டி மேரி:
என் தங்கையும் அவள் கணவரும் நிரந்தர வசிப்புரிமை பெற்று, இரண்டு பிள்ளைகளோடு தை மாதம் ஹாமில்டன் போகிறார்கள். அங்கே சொந்தம் என்று ஒருவரும் இல்லை. வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டருகே புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றான பிரஸ்பிடேரியன் சபையின் ஆலயம் இருக்கிறதாம். நாங்கள் சேலத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. முன்பின் தெரியாதவர்களை அவர்கள் சேர்த்துக்கொள்வார்களா? இங்கே ஒரு ஏஜென்ட், "சபையின் ஸ்பான்சர் கடிதம் வாங்கித் தருகிறேன், ஓராண்டுச் செலவை அவர்களே பார்ப்பார்கள்" என்று ஒரு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஏற்காடு தேவதாஸ்:
சகோதரி, அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த ஸ்பான்சர் ஏற்பாடு அகதிகளுக்கு மட்டுமே உரியது. கனடா பிரஸ்பிடேரியன் திருச்சபை அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அகதிக் குடும்பங்களைப் பொறுப்பேற்கிறது. வழக்கமாக முதல் ஓராண்டு வீடு, சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சபையார் கவனிப்பார்கள். அதற்காக அகதியிடம் பணம் வாங்கவே கூடாது என்பது விதி. வசிப்புரிமை பெற்றுப் போகும் உங்கள் தங்கைக்கு அந்தக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை.

ஆனால் துணை கிடைக்கும். நான் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பல ஆண்டுகள் இருந்து திரும்பியவன். அந்தச் சபைகளை ஆயரோடு சேர்ந்து நடத்துகிறவர்கள் சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள். பல இடங்களில் ஒவ்வொரு மூப்பர் பொறுப்பிலும் சில குடும்பங்கள் இருக்கும். ஆராதனை முடிந்ததும் நம் வழக்கப்படி வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள். பக்கத்துக் கூடத்தில் காபி கொடுப்பார்கள். வேலை, வீடு, டாக்டர் என எல்லாப் பேச்சும் அங்கேதான் நடக்கும். குளிருக்குக் கோட்டு வாங்க வேண்டும் என்று அங்கே நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். வயதான ஓர் அம்மா என்னைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய், தொங்கிய கோட்டுகளை ஒவ்வொன்றாக என் தோளில் வைத்துப் பார்த்தார். ஜிப்பை மேலும் கீழும் இழுத்துச் சோதித்தார். பையில் ஒரு ஜோடி கையுறையைத் திணித்துத்தான் அனுப்பினார். ஏற்காட்டு ஸ்வெட்டர் அந்தக் குளிருக்கு எந்த மூலைக்கு?

கேட்கக் கூச்சப்பட்டால் ஒன்றும் நடக்காது. நம்மவர்கள் அந்தக் கூச்சத்தால்தான் தவித்துப்போகிறார்கள்; பார்க்கவே மனம் வலிக்கும்.

தாரமங்கலம் சுகந்தி:
அண்ணன் சொல்வது உண்மை. நான் அகதி முகாமில் வளர்ந்தவள். என் அத்தை குடும்பம் ஒரு சபையின் பொறுப்பில்தான் கனடா போனது. பெயர் எழுதிய அட்டையோடு விமான நிலையத்தில் நின்றார்களாம். அத்தை சைவம், இன்றுவரை யாரும் அவரை மதம் மாறச் சொன்னதில்லை. இப்படிப்பட்டவர்களின் பெயரைச் சொல்லி இங்கே காசு பறிப்பதைக் கேட்டால் வயிறு எரிகிறது. அக்கா, அந்த ஏஜென்டை நம்பாதீர்கள்.

குகை ஆசிரியர்:
வேறு சபையாயிற்றே என்று தயங்க வேண்டாம், அம்மா. நம் சேலத்துச் சபைகள் லண்டன் மிஷன் என்ற ஆங்கிலேய மிஷனரி அமைப்பின் வழியில் வந்தவை. 1908இலேயே பிரஸ்பிடேரியன்களோடு ஒரே திருச்சபையாக இணைந்து, 1947இல் சி.எஸ்.ஐ.க்குள் வந்தோம். கனடாவிலும் 1925இல் பிரஸ்பிடேரியன்களில் பெரும்பகுதியினர் மெதடிஸ்டுகளோடு சேர்ந்து ஐக்கிய திருச்சபை ஆனார்கள். அதுவும் அருகில் இருந்தால் போய்ப் பார்க்கட்டும். நம் ஆயரிடம் உறுப்பினர் என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்.

அஸ்தம்பட்டி மேரி:
மனம் லேசானது. ஏஜென்டிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். புறப்படும் முன் வேறென்ன செய்ய வேண்டும்?

ஏற்காடு தேவதாஸ்:
அந்த ஆலய அலுவலகத்துக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்: எத்தனை பேர், பிள்ளைகளின் வயது, வந்திறங்கும் நாள். பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவுகளைக் கைப்பையில் வைக்கட்டும். பள்ளியில் சேர்க்கும்போது கேட்பார்கள். கனமான கோட்டுகளை இங்கே வாங்க வேண்டாம்.