டெல்டா நெல் வரைபடம்: செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் களக் குறிப்புகள் (மூவர் சொன்னவை, அவரவர் இடப் பெயரில்)

வெண்ணாற்றங்கரை:
செயற்கைக்கோள் படத்தில் சம்பா நெல் வயலைத் தனியே பிரிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் சென்டினல்-2 (ஒளியில் படம் எடுக்கும் செயற்கைக்கோள்) பக்கம் போகிறார்கள். அக்டோபர் பிறந்தால் திருவாரூர், நாகை மேல் மேகம் மூடிக்கொள்ளும். சென்டினல்-1 ரேடாருக்கு அந்தத் தொல்லை இல்லை. விஎச் எதிரொலியை (செங்குத்து அலையாக அனுப்பி, கிடை அலையாகத் திரும்புவதன் வலு) பாருங்கள்: நடவுக்குத் தண்ணீர் கட்டியதும் சரியும், தூர் கட்டத் தொடங்கினால் ஏறும். அந்தப் பள்ளமும் ஏற்றமும்தான் நெல். இறால் குட்டை ஏறாமல் கீழேயே கிடக்கும். ஒரே தேதிப் படத்தை நம்பினால், மழைக்காலத்து வேதாரண்யம் உப்பளம்கூட நடவு வயலாகிவிடும். ஏறுபாதை (செயற்கைக்கோள் வடக்கே போகும்போது), இறங்குபாதை (தெற்கே வரும்போது) படங்களை ஒரே வரிசையில் கலக்க வேண்டாம். பார்வைக் கோணம் மாறினால் எண்ணும் மாறும்.

கடைமடை:
அண்ணே, அந்தப் பள்ளம் நடவு வயலுக்குத்தான். வாய்க்கால் முடியும் கடைமடையில் நேரடி விதைப்பு அதிகம். புழுதியில் விதைத்து மழையில் முளைத்த பயிர், தண்ணீர் நிற்கும் நேரத்தில் ஏற்கெனவே வளர்ந்திருக்கும். பள்ளம் ஆழமாக விழாது. நடவு வயலை மட்டும் பார்த்துப் பழகிய மாடல் அதைத் தரிசு என்றே சொல்லும். தனி வகுப்பாக வையுங்கள்.

மாடலுக்குக் கற்றுத்தர வயல் மாதிரி எடுப்பதிலும் கவனம். ஒரு மா 33 சென்ட். சதுரமாக இருந்தால் பக்கம் 36 மீட்டர் சொச்சம். வரப்புக் கலப்பைத் தவிர்க்க நாலு பக்கமும் 10 மீட்டர் உள்ளே தள்ளினால், முழுப் பிக்சல் (படத்தின் 10 மீட்டர் கட்டம்) ஒன்று தேறினாலே அதிகம். ஒரே பயிர் நிற்கும் அடுத்தடுத்த வயல்களைச் சேர்த்து வரைவதுதான் வழி. வரப்பில் நின்று ஜிபிஎஸ் அமுக்கினால் புள்ளி பக்கத்து வாய்க்காலில் போய் விழும்.

கொள்ளிடம்:
வேலை நேர்காணலில் ‘95 சதவீதத் துல்லியம்’ என்றால், விவரம் தெரிந்தவர் உடனே கேட்பது: சோதனைப் புள்ளியை எப்படிப் பிரித்தீர்கள்? பிக்சல்களைக் குலுக்கி 70க்கு 30 என்று போட்டால் ஒரே வயலின் பிக்சல் பயிற்சியிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். மாடல் ஒப்பிக்கிறது, அவ்வளவுதான். 5 கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டி, கட்டம் கட்டமாகச் சோதனைக்கு ஒதுக்குங்கள். மதிப்பெண் இறங்கும், இறங்கியதையே எழுதுங்கள்.

பரப்பளவு கணக்கிட யுடிஎம் 44 வடக்கு (மீட்டரில் அளக்கும் வரைபட முறை) வைத்துக்கொள்ளுங்கள். டிகிரியில் கிடக்கும் கோப்பில் ஹெக்டேர் கேட்டால் உளறல்தான் வரும். பிக்சலை எண்ணியது மட்டும் போதாது, பிழை அணியை (எதை எதுவாகத் தவறாகச் சொன்னது என்ற அட்டவணை) வைத்துத் திருத்தியாக வேண்டும். இன்னொன்று: குறுவை அறுத்த வயலிலேயே தாளடி நடுவார்கள், ஆண்டுக்கு இரண்டு பள்ளம். ஜூன் முதல் பிப்ரவரி வரை மாடலுக்கு ஒரே தொடராக ஊட்டாமல் செப்டம்பர் கடைசியில் வெட்டிக்கொள்ளுங்கள்.